ஆட்டம் விட்ட வண்டி

கோவையில் நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் சத்தம் என்றால் குற்றம். இருபது வருடமாக அதைத் தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. மோட்டார் ஓடும்போது ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் இருக்கும் இடத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பேன். அளக்கிற கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. இருந்தாலும் என் கை முதலில் ஸ்க்ரூ டிரைவரைத்தான் தேடும். கரகரவென்றால் பேரிங்கில் தூசு. டக் டக்கென்று ஒரே சீராக வந்தால் சுற்றுக்கு ஒருமுறை எதுவோ இடிக்கிறது. கடகடவென்று ஒழுங்கில்லாமல் வந்தால் பட்டறைத் தமிழில் அதற்கு ஒரே பேச்சு: "ஆட்டம் விட்டிருக்கு."

இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு சாமான்களுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்து, ஒன்று மற்றொன்றைத் தட்டிக்கொண்டிருப்பதுதான் ஆட்டம். அதை எடுத்துவிட்டால் மோட்டார் வாயை மூடிக்கொள்ளும். எனக்குச் சம்பளம் வரும்.

இப்படிப்பட்ட ஆள், போன வருடம் மூன்று மாதமாக, ஒரு வண்டியில் ஆட்டம் போதவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயது மகளுக்காகச் செய்த பொம்மை வண்டி அது.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் நோம்பிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். நோம்பி என்றால் எங்கள் பக்கத்தில் திருவிழா. இது குதிரைச் சந்தைக்குப் பேர்போன நோம்பி. மகளுக்குக் குதிரை பார்க்க ஆசை, எனக்கு வேறொரு ஆசை. சின்ன வயதில் நோம்பிக் கடைகளில் விற்ற டகடக வண்டி ஒன்றை அவளுக்கு வாங்கித் தர வேண்டும். கடைவீதியில் மூன்று நடை நடந்தேன். விளக்கெரியும் வாள் இருந்தது, பேட்டரியில் குரைக்கும் நாய் இருந்தது, சோப்புக் குமிழி விடும் துப்பாக்கி இருந்தது. மஞ்சள், பச்சை பிளாஸ்டிக் ஊதல்களை வாயில் வைத்துக்கொண்டு வயது வித்தியாசமில்லாமல் எல்லாரும் ஊதிக்கொண்டிருந்தார்கள். வண்டியை மட்டும் காணோம். வளையல் கடையில் இருந்த ஒரு பெரியம்மாவிடம் கையை ஆட்டிச் சத்தத்தோடு செய்து காட்டிக் கேட்டேன். அவருக்கு உடனே புரிந்தது. "மண்ணுச் சக்கரம் வெச்சு, தாளு ஒட்டினதுங்களா? அதையெல்லாம் ஆருங்க இப்ப செய்யறா?" என்றார்.

பார்க்காதவர்களுக்காக அந்த வண்டியைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மண் கிண்ணம். அதன் வாயில் காகிதம் ஒட்டியிருக்கும், அதுதான் மேளம். கிண்ணம் ஒரு மூங்கில் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அடியில் ஒரு அச்சும் இரண்டு மண் சக்கரங்களும். மேளத்துக்குப் பின்னால் சட்டத்தின் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஒரு நூலை நன்றாக முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் இரண்டு ஈர்க்குகளைச் செருகியிருப்பார்கள். தச்சர்களின் பழைய சட்ட ரம்பத்தில் கயிற்றை முறுக்கி ஒரு கட்டையைச் செருகி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே முறுக்குத்தான். வண்டியை இழுத்தால் அச்சு சுழலும். அச்சில் குறுக்கே செருகிய குச்சி ஈர்க்குகளின் வாலை அழுத்தும், தலை மேலே எழும்பும். குச்சி விலகியதும் நூலின் முறுக்கு ஈர்க்கை ஓங்கி அடிக்கும். டக். அடுத்ததும் விழும். டக. நடந்தால் டக டக, ஓடினால் டகடகடகடக.

எஞ்சினில் வால்வைத் திறந்து மூட கேம் என்று ஒன்று சுற்றுகிறதே, வேலையளவில் இதுவும் அதுவும் ஒன்றுதான். எஞ்சினில் எஃகு ஸ்பிரிங், இங்கே ஒரு முழ நூல். காலேஜில் கேமுக்கு ஒரு செமஸ்டர் படம் வரைந்தேன். ஆறு வயதில் கையில் இழுத்துக்கொண்டு திரிந்தது இதைத்தான் என்று அப்போது எந்த வாத்தியாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

என் வண்டி கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் வாங்கியது. சித்திரையில் மாரியம்மன் தேரை ஒட்டிக் கூடும் சந்தை. காங்கேயம் காளைகள் கண்ணுக்கெட்டும் தூரம்வரை நிற்கும். அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, காளை பிடிக்கப் போனார், நான் வால் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே நான் முதலில் கேட்டது மாட்டுச் சத்தத்தை அல்ல. கயிற்றுக் கடைகளில் கழுத்துமணிகளையும் சலங்கைகளையும் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பார்கள். காது கொடுத்துக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே எங்கிருந்தோ இந்த டகடக. கடை எதுவும் இல்லை. ஒரு ஆள் தலையில் கூடையோடு வண்டியை இழுத்துக்கொண்டு நடந்தார், அவ்வளவுதான். பொம்மையே அதன் தண்டோரா. கூட்டத்தில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அவர் எந்தப் பிள்ளையையும் தேட வேண்டியதில்லை. ஒன்றரை ரூபாய் என்று ஞாபகம். அப்பிச்சி காளைக்குப் பேரம் பேசிய அதே முகத்தோடு இதற்கும் பேரம் பேசினார்.

அந்த மாதிரி விற்பனையில் ஒரு சூது உண்டு. தேங்காய்த் தொட்டியில் தோல் ஒட்டி, ஒரு கம்பி கட்டிய வயலின் விற்பவரை எல்லா நோம்பியிலும் பார்க்கலாம். அவர் வாசித்தால் சினிமாப் பாட்டு அப்படியே வரும். வாங்கி வந்து நாம் இழுத்தால் கதவுக் கீல் மாதிரி முனகும். வில்லில் தேய்த்த குங்கிலியமும் கையின் பழக்கமும் விலைக்குள் வராது. டகடக வண்டிக்காரரிடம் அந்தச் சூது இல்லை. அவர் இழுத்தாலும் டக டக, நான் இழுத்தாலும் டக டக. இந்தக் காரணத்துக்காகவே வயலினைவிட இதை ஒரு படி மேலே வைப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மாதான், இழுக்கச் சொன்னவர். மற்ற எல்லாரும் பகலிலேயே காதைப் பொத்திக்கொண்டார்கள். அம்மிச்சி சொன்ன காரணம் வேறு. "சத்தம் போடற சாமானு கையில இருந்தா பையன் எங்க இருக்கான்னு தெரியும் சாமி. சத்தம் நின்னாத்தான் எந்திரிச்சுப் போய்ப் பாக்கோணும்." மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் கழுத்தில் மணி கட்டுகிற அதே கணக்கு. நடக்கப் பழகும் குழந்தையின் காலில் கொலுசு கட்டுவதிலும் பாதிக்குப் பாதி இந்தக் கணக்குத்தான் என்று நினைக்கிறேன். கிணறும் தொட்டியும் திறந்து கிடக்கிற தோட்டத்து வீடுகளில் சத்தம் ஒரு வேலி.

பல வருடம் கழித்து இதே பேச்சின் இன்னொரு வடிவத்தைப் படித்தேன். 2,300 வருடத்துக்கு முந்தைய கிரேக்கத்து அரிஸ்டாட்டில், ஆர்க்கிட்டாஸ் என்பவர் செய்த கிலுகிலுப்பையை நல்ல கண்டுபிடிப்பு என்று பாராட்டியிருக்கிறார். சும்மா இருக்க முடியாத குழந்தைகள் கைக்கு அதைக் கொடுத்துவிட்டால் வீட்டுச் சாமான்களை உடைக்க மாட்டார்களாம். ஆர்க்கிட்டாஸ் பெரிய கணித மேதை. அரிஸ்டாட்டிலுக்குக் கவலை பானை சட்டி, அம்மிச்சிக்குக் கவலை பிள்ளை. நான் அம்மிச்சி கட்சி.

கிலுகிலுப்பை இருப்பதிலேயே எளிய வடிவம். ஒரு கூடு, உள்ளே சில பரல். பனையோலையில் முடைந்து உள்ளே சிறு கல்லோ குன்றிமணியோ போட்டால் ஆயிற்று. சிந்துவெளியில் தோண்டி எடுத்த சுடுமண் கிலுகிலுப்பைகளும் இதேதான், மண் உருண்டைக்குள் மண் குண்டுகள். மாட்டுச் சலங்கையும் இதன் உறவு, கூடு மட்டும் வெண்கலம். கூட்டுக்கும் பரலுக்கும் நடுவே உள்ள வெற்றிடம்தான் பொம்மை. நிறையப் பரல் போட்டு அடைத்தால் ஊமையாகிவிடும். எத்தனை பரல், எவ்வளவு இடம் என்பது முடைகிறவர் கையின் கணக்கு. கால் சிலம்பும் அதேதான். யோசித்துப் பாருங்கள், கண்ணகி வழக்கு எப்படித் தீர்ந்தது? அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். வெளியிலிருந்து பார்த்து யாருக்கும் தெரியவில்லை. உடைத்ததும் தெரிந்தது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பொம்மையை உடைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைவிடப் பெரிய முன்னுதாரணம் வேண்டியதில்லை.

நம் பெயர் வைப்பையும் கவனியுங்கள். கிலுகிலுப்பை. குடுகுடுப்பை. பீப்பி. சத்தத்தையே கூப்பிட்டுப் பெயராக நிறுத்திவிட்டார்கள். குடுகுடுப்பையின் இடுப்பில் கட்டிய கயிற்று முடிச்சு இரண்டு பக்கத் தோலிலும் மாறி மாறி அடிப்பதை அந்தச் சொல்லிலேயே கேட்கலாம். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் சத்தத்தை விடவில்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி இரண்டு சிறுபறையும் சிறுதேரும். சின்னப் பறை கொட்டுவது ஒன்று, சின்னத் தேர் உருட்டுவது ஒன்று. டகடக வண்டியைச் செய்த ஊர் பேர் தெரியாத ஆள் இரண்டு பருவத்தையும் ஒரே சட்டத்தில் ஏற்றிவிட்டார். தேரை இழுத்தால் பறை தானாகக் கொட்டும். இந்தப் பொருத்தம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் பிடிபட்டது. பிடிபட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் கொஞ்சம் மிகைதான், ஆனால் மனைவியை எழுப்பிச் சொன்னது உண்மை.

காசு கொடுத்து வாங்கியவை வருடத்துக்கு ஒன்று. மற்ற சத்தமெல்லாம் நாங்களே செய்துகொண்டது. பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கினால் பீப்பி. நாதசுவரத்தின் சீவாளி போல இரண்டு மடல் காற்றில் அடித்துக்கொள்வதுதான் அதிலும் நடக்கிறது. இறுக்கிச் சுருட்டினால் ஊதவே வராது, தளர்த்திச் சுருட்டினால் வெறும் காற்று வரும். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் விசைத்தறி. காலியான நூல் கோன்கள் மலையாகக் கிடக்கும். அட்டைக் கோனின் சின்ன முனையில் வாயை வைத்துக் கத்தினால் அடுத்த தெருவில் திட்டு விழும். வாயிலிருந்து நாலு பக்கமும் சிதறுவதைக் கோன் ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறது. தறிச் சத்தத்தை மீறிப் பேசவே தொண்டை கிழியும் வீடுகளில் நாங்கள் அதையும் மீறக் கற்றுக்கொண்டோம். தீப்பெட்டி டெலிபோனுக்குத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல். அதில் மட்டும் தளர்ச்சி கூடாது, தொங்கினால் பேச்சு போகாது.

சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, நடுவில் இரண்டு ஓட்டை போட்டு, நூலைக் கோத்து முறுக்கி, இரண்டு கையிலும் இழுத்து விட்டால் ரொய்ங் ரொய்ங் என்று ஒரு சுழற்சி வருமே, அது எல்லா ஊரிலும் உண்டு. முதல் இழுப்பில் முறுக்குப் பிரியும், மூடி ஓடிய வேகத்தில் மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும், அந்த நேரம் பார்த்துக் கை தளர வேண்டும். இழுக்கிறதும் விடுகிறதும் சரியாக விழுந்தால் மூடி சீறும். விரலை வைத்தால் கிழிக்கும், என் இடது ஆள்காட்டி விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. இந்த விளையாட்டை மீரட்டில் பிறந்த மனு பிரகாஷும் அவருடைய ஸ்டான்போர்ட் குழுவும் 2017இல் ஆய்வுக் கருவியாக்கிவிட்டார்கள். காகித வட்டு, நூல், இரண்டு பிடி. 2 கிராம் எடை, 20 சென்ட் செலவு. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகிறது. கையால் இழுத்தே ஒன்றரை நிமிடத்துக்குள் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கிறது. கரண்ட் இல்லாத ஊர்களில் மலேரியா பரிசோதனைக்கு உதவும் என்று செய்தது. எங்கள் டெஸ்ட் பெஞ்சில் 2,880 சுற்று ஓடும் மோட்டாருக்கு நாங்கள் பண்ணும் அமர்க்களத்தை நினைத்துக்கொண்டேன்.

தகரத் தவளையைச் சொல்லாமல் விட முடியாது. வயிற்றை அழுத்தினால் டிக், விட்டால் டக். உள்ளே ஒரு எஃகுப் பட்டை, அதில் ஒரு சின்னக் குழி. அழுத்தும்போது அந்தக் குழி ஒரு அளவு வரை தாங்கி, சட்டென்று மறுபக்கம் புரளும். பழைய பட்டறைகளில் அடியை அழுத்தி எண்ணெய் விடும் தகர டப்பா டிக் டிக்கென்னுமே, அதே புரளல். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் இருட்டில் குதித்த அமெரிக்காவின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவுக்காரர்கள், ஆளை அடையாளம் காண இந்த ஜாதிப் பொம்மையைத்தான் கையில் வைத்திருந்தார்கள். ஒரு முறை தட்டினால், நம் ஆள் இரண்டு முறை தட்டுவான். அதைப் படித்த பிறகு, கூட்டத்தில் தொலையும் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்துவிடலாமே என்று தோன்றியது. ஆனால் நோம்பியில் நூறு தவளை கத்தும்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

கடையில் இல்லை என்றானதும், நானே செய்துவிடலாம் என்று மகளிடம் வாக்குக் கொடுத்தேன். இவ்வளவு பெரிய பம்ப் கம்பெனியில் இருக்கிறோம், இது என்ன பிரமாதம் என்ற கொழுப்பு. தெரிந்த லேத் பட்டறையில் இரண்டு அலுமினியச் சக்கரம் கடைந்தேன். அச்சுக்கு எஃகுக் கம்பி, இரண்டு பக்கமும் சின்ன பேரிங். கிண்ணத்துக்குப் பிவிசி குழாய் மூடி. காகிதம் கிழிந்துவிடும் என்று பழைய எக்ஸ்ரே பிலிமை இழுத்து ஒட்டினேன். அடிக்கிற குச்சிக்கு நூல் எதற்கு, ஸ்பிரிங் வைத்துவிட்டேன். பார்க்க ஜம்மென்று இருந்தது. இழுத்தால் டிக், டிக், டிக், டிக். ஒவ்வொரு அடியும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. மகள் மொட்டை மாடியில் இரண்டு சுற்று இழுத்தாள். அப்புறம் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, "கடியாரம் மாதிரி இருக்குதுப்பா" என்றாள். கண்ணியமான பிள்ளை.

கம்பெனிக்கு எடுத்துப்போய் டீ நேரத்தில் எங்கள் மூத்த பிட்டரிடம் காட்டினேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது அவருக்கு. தரையில் ஒருமுறை உருட்டிப் பார்த்தார், சிரித்தார். "இத்தனை வருசமா ஆட்டத்தை எடுத்தே பழகிட்டீங்க. குடுக்கறதுக்கு உங்களுக்குத் தெரியலீங்க" என்றார்.

அந்த வார்த்தை பிடித்துக்கொண்டது. பேரிங்கைக் கழற்றினேன். காங்கேயம் பக்கம் பொங்கல் பானையும் அகல் விளக்கும் செய்யும் ஒரு குயவரைப் போய்ப் பார்த்தேன். கிண்ணமும் சக்கரமும் வேண்டும் என்று சொன்னதும், "சுடாம வேணுங்களா, சுட்டு வேணுங்களா?" என்று கேட்டார். எது நல்லது என்றேன். "சுடாதது மழைக்கு ஆகாதுங்க, கரைஞ்சு போயிரும். சுட்டாத்தான் கணீர்னு பேசும்" என்றார். சக்கரம் மட்டும் சரியான வட்டமாக வராது, கையால் தட்டுவதுதானே என்று முன்கூட்டியே தயங்கினார். வட்டமாக இருக்கவே வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பத்துச் சக்கரமும் ஐந்து கிண்ணமும் கொடுத்து, காசு வாங்க ரொம்ப யோசித்தார்.

காகிதத்துக்குத்தான் நாள் பிடித்தது. செய்தித்தாள் பொதபொதவென்றது. பட்டம் விடும் தாள் இரண்டாவது அடியில் ஓட்டை. கடைசியில் மளிகைக் கடைப் பழுப்புத் தாள் சரியாக வந்தது. அதையும் வறட்டுத் தாளாக ஒட்டினால் எவ்வளவு இழுத்தாலும் தொய்வுதான். தண்ணீரில் நனைத்து, ஊறிப் பெருத்திருக்கும்போதே புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, நிழலில் விட்டுவிட வேண்டும். காய்ந்து சுருங்கும்போது அதுவே தன்னை இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை விரலால் சுண்டினேன், டம் என்றது. வீட்டில் எல்லாரும் சுண்டிப் பார்த்தோம்.

நூலுக்குப் பாவு நூலையே நாலு இழை சேர்த்து முறுக்கினேன். முறுக்குக் கூடினால் ஈர்க்கு எழும்பாது, சக்கரம் உருளாமல் தரையில் இழுபடும். குறைந்தால் அடி விழாது. ஈர்க்கு இரண்டும் ஒரே நீளமாக இருந்தபோது இரண்டும் ஒன்றாக விழுந்து ஒரே சத்தமாகக் கேட்டது. ஒன்றைக் கால் அங்குலம் வெட்டியதும் டக, டக என்று பிரிந்தது. அப்புறம் அச்சு. சட்டத்தில் அச்சு நுழையும் ஓட்டையை முதலில் அளவாகப் போட்டிருந்தேன். பழக்கதோஷம். சத்தம் வந்தது, ஆனால் பழைய சத்தம் இல்லை. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். வண்டி தள்ளாடத் தொடங்கியது. கோணல் சக்கரம் ஏறும்போது அச்சு உயர்ந்து அடி ஓங்கி விழும், இறங்கும்போது தளர்ந்து விழும். டகட டக, டக டகட. கல்லில் ஏறினால் ஒன்று, மண்ணில் போனால் ஒன்று, திரும்பும்போது ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே வண்டி எந்தத் தரையில் போகிறது என்று சொல்லிவிடலாம்.

கம்பெனியில் ஒரு மோட்டார் இப்படிச் சத்தம் போட்டால் சிவப்பு அட்டை மாட்டி ஓரமாக வைத்துவிடுவேன். வாசல் படியில் உட்கார்ந்து மகள் இழுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் தமிழில் இரண்டு வேலை பார்ப்பதே உறைத்தது. ஆட்டம். தினமும் நாற்பது தடவை சொல்கிற சொல்.

அவள் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த, பாட்டுப் பாடும் பேட்டரி பொம்மை ஒன்று வீட்டில் இருந்தது. அதை ஆறு வயதிலேயே கழற்றிப் பார்த்துவிட்டாள். உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர், இரண்டு ஒயர், பச்சைத் தட்டில் ஒரு கருப்புச் சொட்டு. சிப்பை மூடி ஊற்றிய பிசின் அது. "இதுக்குள்ள எங்கப்பா சத்தம் இருக்குது?" என்று கேட்டாள். அந்தச் சொட்டுக்குள் என்றேன். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, பாட்டு நன்றாகத்தான் பாடியது. மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் ஒரே மாதிரி பாடும், அவ்வளவுதான்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தரம் பார்க்கிற வேலையில் இருப்பவன். அந்தக் காலத் தகரப் பொம்மைகளின் ஓரம் பிளேடு. பூசிய சாயத்தில் என்ன இருந்தது என்று கடவுளுக்கே வெளிச்சம். கல் போட்ட கிலுகிலுப்பையை எதையும் வாயில் வைக்கும் ஆறு மாதக் குழந்தையின் கையில் நான் தர மாட்டேன், தையல் விட்டால் கல் தொண்டைக்குள். மாமாவின் பட்டறையில் ஒரு நட்டின் இரண்டு பக்கமும் போல்ட் திருகி, நடுவே பொட்டு வெடி வைத்து, தூக்கிப் போட்டு வெடித்தோம். அதை என் மகள் செய்தால் தோலை உரித்துவிடுவேன். சத்தத்திலும் தூரம் ஒரு கணக்கு. வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். கயிறு கட்டி இழுக்கிற வண்டியின் சத்தம் காதிலிருந்து இரண்டு முழம் தள்ளி இருக்கிறது, தவளையைக் காதோரம் வைத்துத்தான் பிள்ளைகள் அழுத்துவார்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினை ஆணையத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் கூடையோடு நடந்தவர் எதிலும் பதிவு செய்துகொண்டிருக்க மாட்டார்.

வண்டி ஊருக்குப் போனது. புரட்டாசியில் ஒரு வாரம் அங்கே இருந்தோம். தெருப் பிள்ளைகள் வரிசை போட்டு இழுத்தார்கள். இரண்டாம் நாள் ஒரு சக்கரம் ஓரம் தெறித்து, சத்தம் நொண்டியது. மாற்றித் தருகிறேன் என்றேன், அதுதான் நல்லாயிருக்கிறது என்று தர மறுத்துவிட்டார்கள். நாலாம் நாள் மழை. வண்டி ராத்திரி முழுக்கத் திண்ணையில் கிடந்திருக்கிறது. சாரல் அடித்துக் காகிதம் ஊறி, காலையில் இழுத்தால் பொத், பொத். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காய்ந்தால் சரியாகிவிடும் கண்ணு என்றேன். வெயில் எங்கே இருக்கிறது?

நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் சமையல்கட்டிலிருந்து மனைவியின் சத்தம். போய்ப் பார்த்தால், தோசை சுட்டு இறக்கிய அடுப்பின் மேல் மகள் வண்டியைத் தலைகீழாகப் பிடித்து, மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். முன்வருடம் மாரியம்மன் நோம்பியில் பறை அடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினதைப் பார்த்திருக்கிறாள். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தோன்றவும் இல்லை.

இறக்கச் சொல்வதற்குள் விரலால் சுண்டினாள். டம் என்றது, முன்னைவிட ஒரு படி மேலே.

காகிதத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பாக ஒரு கருகல் இருக்கிறது. புதுத் தாள் ஒட்டித் தரட்டுமா என்று இதுவரை இரண்டு முறை கேட்டுவிட்டேன். வேண்டாமாம்.